செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையும் டார்க் வெப்பும்

நேயர்களுக்கு வணக்கம். கொலுசுக்குப் பேர்போன நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை. கசிந்த தகவல்களைத் தேடி டார்க் வெப்பை, அதாவது சாதாரண பிரவுசரில் திறக்காத மறைவான இணையத்தை, கண்காணிப்பது என் வேலை. போன வருடம் அந்தப் பட்டறை முதலாளியைப் போனில் அழைத்தேன். "அண்ணா, உங்க கடை மெயில் பாஸ்வேர்டு டார்க் வெப்பில் கிடக்குதுங்க" என்றேன். "ஏம்மா, நாம என்ன பேங்கா வச்சிருக்கோம்? நம்மளை யாரு திருடப் போறா?" என்று கேட்டார்.

நிறையப் பேர் கேட்கும் கேள்வி இது. அவரை யாரும் குறிவைத்துத் திருடவில்லை. வலையில் சிக்கிய ஆயிரக்கணக்கான கணினிகளில் அவருடையதும் ஒன்று, அவ்வளவுதான்.

லீ பஜார் மண்டியில் மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி மாதிரி காட்டுவார்கள் இல்லையா? திருட்டுத் தகவல் விற்பவர்களும் அப்படித்தான், கொஞ்சத்தை இலவசமாகக் கொட்டி ஆள் பிடிப்பார்கள். அந்தக் கொட்டலில்தான் இந்தப் பட்டறையின் பெயரைப் பார்த்தேன். ஒரு போல்டர். உள்ளே அந்தக் கணினியில் சேமித்து வைத்த லாகின்கள், பாஸ்வேர்டுகள், குக்கீகள். குக்கீ என்றால், நாம் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டோம் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவு. கூடவே, திருட்டு நடந்த நொடியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட். அதில் பாதித் திரையில் வெள்ளி விலைப் பட்டியல். மீதிப் பாதியில் காசு கொடுக்காமல் இறக்கிய பில்லிங் சாப்ட்வேரின் 'கிராக்' பைல். திருடன் வந்த வழி அதுதான். இப்படி ஒளிந்து வந்து தகவலைத் திருடும் கெட்ட சாப்ட்வேருக்கு ஸ்டீலர் என்று பெயர்.

டார்க் வெப் என்றதும் பயப்பட வேண்டாம். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் உருவான தொழில்நுட்பத்தை வைத்து இயங்குவது அது. தகவலை அடுக்கடுக்காகப் பூட்டி, பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புவதால் அனுப்பியவர் யாரென்று தெரியாது. பத்திரிகையாளர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள், கள்ளச் சந்தைக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். 2023 ஏப்ரலில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து மூடிய ஜெனசிஸ் மார்க்கெட், இப்படித் திருடிய குக்கீகளைத்தான் விற்றது. இன்று அந்த வியாபாரத்தில் பெரும்பங்கு டெலிகிராமிலும் நடக்கிறது.

கண்காணிப்பு வேலையில் பாதி, பொய்யைக் கழிப்பது. பழைய சரக்கையே புதுசு என்று விற்பார்கள். தேதி பார்க்க வேண்டும், உரியவரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கிடைத்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்ப்பது குற்றம், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் குற்றம்தான். விலை கொடுத்து வாங்கவும் கூடாது. நாம் கொடுக்கும் காசில்தான் அடுத்த திருட்டு நடக்கும்.

அண்ணன் உடனே அதே கணினியில் பாஸ்வேர்டை மாற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். ஸ்டீலர் இன்னும் உள்ளே இருந்தால் புதிய பாஸ்வேர்டும் போய்விடும். முதலில் அந்தக் கணினியின் நெட்டைத் துண்டிக்கச் சொன்னேன். பிறகு வேறொரு சுத்தமான கருவியில் பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்தச் சொன்னேன். இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். திருடிய குக்கீ செல்லுபடியாகும் வரை பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உள்ளே வந்துவிடலாம்.

உங்கள் மெயில் முகவரி ஏதாவது கசிவில் சிக்கியிருக்கிறதா என்று 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2013இலிருந்து இயங்கும் தளம். பணமே போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.

அன்று சாயங்காலம் அண்ணனே திரும்பக் கூப்பிட்டார். கணினியை பார்மட் செய்யக் கொடுத்துவிட்டாராம். "பையன் வீட்டு லேப்டாப்லயும் அதே சாப்ட்வேர்தாம்மா போட்டிருக்கான்" என்றார்.