கச்சேரிக்குப் புதியவர்களுக்குச் சில சொற்கள்

எல்லோருக்கும் வணக்கம். மார்கழிக்கு முன்னால் இப்படி ஒரு பேச்சு வேண்டும் என்று கேட்டவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். சங்கீதம் தெரிந்தவர்களுக்காகப் பேசக் கூடாது; கச்சேரிக்குப் போக ஆசை, ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்கிறவர்களுக்காகப் பேச வேண்டும் என்றார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். தெரிந்தவர்களுக்குப் பேசினால் பாதிப் பேர் திருத்த எழுந்து நிற்பார்கள்.

சங்கீதச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு சொல்லும் உடம்பில் ஓர் இடத்தில் இருக்கிறது. சுருதி காதில், தாளம் கையில், ராகம் தொண்டையில். பாடாதவர்களுக்கும் தொண்டை உண்டு, முணுமுணுக்கிறோம் அல்லவா? சொல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு அர்த்தம் கேட்க மாட்டீர்கள். உட்காராவிட்டால் நூறு முறை படித்தாலும் பரீட்சைக்குத்தான் உதவும்.

‘சுருதி மாதா, லயம் பிதா’ என்பார்கள். அதனால் தாயிலிருந்து தொடங்குவோம்.

சுருதி என்றால் பாடகர் ஆதாரமாக வைத்துக்கொள்ளும் ஒலி. கச்சேரி மேடையில் பின்னால் ஒருவர் தம்புராவை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மீட்டிக்கொண்டே இருப்பார். நாலு தந்தி. முதல் தந்தி பஞ்சமம், அதாவது ‘ப’; நடுவில் இரண்டும் ஷட்ஜம், அதாவது ‘ஸ’; கடைசியில் கீழ் ஸ்தாயி ஷட்ஜம். அவ்வளவுதான், இரண்டரை மணி நேரமும் அதே ‘ப ஸ ஸ ஸ’. தந்திக்கும் அதைத் தாங்குகிற குதிரைக்கும் நடுவே ஒரு துண்டு நூலைச் செருகியிருப்பார்கள், அதற்கு ஜீவா என்று பெயர். அந்த நூலை மயிரிழை நகர்த்தினால் மொட்டையாகக் கேட்ட ஒலி ரீங்காரமாக விரியும். கச்சேரி தொடங்குவதற்கு முன் பாடகர் தலையைச் சாய்த்துக்கொண்டு தம்புராவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘இன்னும் ஆரம்பிக்கவில்லையே’ என்று கைபேசியை எடுக்காதீர்கள். ஆரம்பித்தாயிற்று. இப்போது நிறையப் பேர் மின் சுருதிப் பெட்டி வைத்துக்கொள்கிறார்கள், கைபேசிச் செயலியும் வந்துவிட்டது. வசதிதான். ஆனால் நல்ல தம்புராவை ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டால் பெட்டியின் ஒலி கொஞ்சம் தட்டையாகத்தான் படும் என்பது என் அபிப்பிராயம்.

சுருதியை நாம் ‘கட்டை’யில் சொல்கிறோம். ஆர்மோனியக் கட்டையிலிருந்து வந்த வழக்கம் இது. வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள். மேற்கத்தியர் ‘சி’ என்பது நமக்கு ஒரு கட்டை, அவர்களுடைய ‘ஜி’ நமக்கு ஐந்து கட்டை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு. பெண்கள் நாலரை, ஐந்து, ஐந்தரை பக்கம். மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பே இல்லை. அதே மாதிரி ஏழுக்கு அப்புறமும் இல்லை. ஜோசியத்தில் ஏழரை உண்டு, சங்கீதத்தில் கிடையாது. ‘அவர் எட்டுக் கட்டையில் பாடுவார்’ என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எட்டு என்பது மேல் ஸ்தாயியில் வருகிற அதே ஒன்றுதான். அங்கே ஷட்ஜத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேலேயும் பாடுவதென்றால் அசாதாரணத் தொண்டை வேண்டும். மைக் வராத நாடக மேடையில், கொட்டகையின் கடைசி வரிசைக்காரன் காசுக்கும் கேட்க வேண்டுமே என்று எஸ். ஜி. கிட்டப்பா போன்றவர்கள் உச்சத்தில் பாடினார்கள். மைக் வந்தது, சுருதியும் இறங்கிற்று. நாகஸ்வரத்திலும் இறங்கியதுண்டு. அங்கே குட்டையாய், உரத்துப் பேசுகிற வாத்தியம் திமிரி. நீளமாய், தாழ்ந்த சுருதியில் குழைகிற வாத்தியம் பாரி. பாரியைப் பரவலாக்கிய பெருமை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு உரியது.

கச்சேரியின் பின்பகுதியில் சில சமயம் பாடகர் தம்புராவைத் திரும்பவும் சீண்டுவார். பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு, அதாவது ‘ம’வுக்கு இறக்குவார். இதுதான் மத்யம சுருதி. புன்னாகவராளி, செஞ்சுருட்டி, குறிஞ்சி போன்ற சின்ன எல்லைக்குள் உலாவும் ராகங்களுக்கு மத்யமத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டு பாடுவது வழக்கம். இனிமேல் அவர் கை தம்புராவுக்குப் போனால் என்ன வரப்போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இப்போது தாளம். தயவுசெய்து வலது கையை எடுத்துத் தொடையில் வையுங்கள். வெட்கப்படாதீர்கள், இங்கே எல்லோரும் போடப்போகிறோம்.

ஆதி தாளம். ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஆக நாலு. இந்த நாலும் சேர்ந்தது லகு. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. இது ஒரு திருதம். இன்னொரு தட்டு, வீச்சு, இன்னொரு திருதம். மொத்தம் எட்டு அட்சரம். ஒரு சுற்று முடிந்தால் ஓர் ஆவர்த்தனம். அந்த முதல் தட்டு விழுகிற இடத்துக்குச் சமம் என்று பெயர். மீண்டும் போடுங்கள். எண்ண வேண்டாம், கையே எண்ணட்டும்.

சரி. கை ஓடுகிறதா? இப்போது மூன்று சொற்கள் வரும். புதியவர்களை மட்டுமல்ல, பத்து வருஷம் கச்சேரி கேட்டவர்களையும் குழப்புகிறவை: களை, காலம், நடை.

ஒவ்வொரு அட்சரத்துக்குள்ளும் ‘தகதிமி’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். எட்டு நாலு முப்பத்திரண்டு மாத்திரை. இது ஒரு களை. ஒவ்வொரு செய்கையையும் இரண்டிரண்டு முறை போட்டால், அதாவது தட்டு தட்டு, சுண்டு சுண்டு என்று போனால், அது இரண்டு களை. ஆவர்த்தனம் 64 மாத்திரைக்கு நீளும். பெரிய உருப்படிகளும் பல்லவிகளும் இப்படித்தான் ஆற அமர நடக்கும். காலம் என்பது வேறு. தாளத்தின் ஓட்டம் மாறாமல், அதே கைக்குள் பாட்டு இரட்டிப்பாக ஓடினால் இரண்டாம் காலம். வர்ணத்தை முதலில் ஒரு காலத்திலும் அப்புறம் இரட்டித்தும் பாடுவதில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். நடை என்பது அட்சரத்துக்குள் எத்தனை உட்பிரிவு என்பது. ‘தகதிமி’ சொன்ன இடத்தில் ‘தகிட’ சொல்லிப் பாருங்கள். கை அதே ஆதி தாளம்தான், ஆனால் துள்ளல் வந்துவிட்டது. சதுஸ்ர நடை திஸ்ர நடை ஆயிற்று. ஐந்து வைத்தால் ‘தகதகிட’, கண்டம். ஏழு வைத்தால் ‘தகிடதகதிமி’, மிஸ்ரம். ஒன்பது சங்கீர்ணம், அது இப்போதைக்கு வேண்டாம்.

எடுப்பு என்ற சொல்லையும் கையோடு கற்றுக்கொள்ளலாம். எல்லாப் பாட்டும் சமத்தில் தொடங்காது. தட்டு விழும், பாடகர் வாய் திறக்க மாட்டார், அரை அட்சரம் கழித்து எடுப்பார். அது அரை இடம். தியாகராஜர் கீர்த்தனைகளில் ஒன்றரை இடத்தில் எடுக்கிறவை ஏராளம். தட்டு போய், சுண்டு விரல் பாதி கடந்த பிறகு பாட்டு நுழையும். பக்கத்து இருக்கைக்காரர் தொடையில் ஓங்கி அறைந்து, அது பாட்டோடு ஒட்டாமல் விழித்தால், இந்த எடுப்பில்தான் சறுக்கியிருப்பார். நீங்கள் மெதுவாகப் போடுங்கள். தாளம் நமக்காகப் போடுவது.

ஆதி தவிர ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு, இந்த மூன்றையும் பழகினால் பெரும்பாலான கச்சேரிக்குப் போதும். மிஸ்ர சாபுவின் ஏழை மூன்றும் நாலுமாகவும், கண்ட சாபுவின் ஐந்தை இரண்டும் மூன்றுமாகவும் உணர்ந்தால் கை தானே விழும்.

ராகத்துக்கு வருவோம். இங்கே ஓர் ஆர்மோனியம் இருக்கிறது. வெள்ளைக் கட்டை எதையும் தொடாமல் கறுப்பை மட்டும் வாசிக்கிறேன். நாலரையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு ஏறுகிறேன்: ஸ ரி க ப த ஸ். மோகனம். பலர் தலையாட்டுகிறீர்கள், பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரிகிறது. இப்போது அதே ஐந்து கட்டைகள், ஆனால் ஐந்தரையில் தொடங்குகிறேன். அது மத்தியமாவதி. ஆறரையில் தொடங்கினால் ஹிந்தோளம். ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி. இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. கட்டைகள் மாறவில்லை, எதை ஷட்ஜமாகக் கருதுகிறோம் என்பது மட்டுமே மாறியது. ஐந்து ராகங்கள், ஐந்து முகங்கள். இதைக் கிரக பேதம் என்பார்கள். சுருதியில் தொடங்கியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். ஆதார ஷட்ஜம் காதில் இல்லாவிட்டால் மோகனம் எது, ஹிந்தோளம் எது என்று சொல்லவே முடியாது.

ஏறுவரிசை ஆரோகணம், இறங்குவரிசை அவரோகணம். ‘ஸ ரி க ம ப த நி’ என்ற ஏழு ஸ்வரங்களில் ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. மத்யமம் இரண்டு வகை. ரிஷபமும் காந்தாரமும் சேரும் விதம் ஆறு, தைவதமும் நிஷாதமும் சேரும் விதம் ஆறு. பெருக்குங்கள்: 72. இதுதான் மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்களின் கணக்கு. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்தது. இதில் 15ஆவது மாயாமாளவகௌளை. இதில்தான் குழந்தைகள் சரளி வரிசை என்ற முதல் பாடத்தைத் தொடங்குகிறார்கள். அந்த முறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. மேளத்திலிருந்து பிறப்பது ஜன்யம். இந்த 72ஐ வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருக்குத் தோடியைக் கேட்டால் தோடி என்று சொல்லத் தெரியாது.

காரணம் என்ன? ஸ்வர வரிசை மட்டும் ராகம் ஆகாது. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ‘ஸ ரி ம ப த ஸ்’ என்று ஏறி, ஏழு ஸ்வரமும் பிடித்து இறங்குகின்றன. காகிதத்தில் எழுதினால் ஒன்றுதான். பாடினால் ஆரபி விறுவிறுவென்று, ஸ்வரங்களை நறுக்குத் தெறித்தாற்போல் போகும். தேவகாந்தாரி அவசரப்படாது, ரிஷபத்தில் நின்று அசைந்து, காந்தாரத்தை நீட்டிக் குழைத்து வரும். தெருக்கோடியில் முகம் தெரியாத தூரத்திலேயே நடையை வைத்து ஆளைச் சொல்கிறோமே, அதுதான். அந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். அந்தந்த ராகத்துக்கே உரிய சொற்றொடர்களைப் பிடி என்பார்கள்; ‘நல்ல பிடி போட்டார்’ என்று காதில் விழும்.

நான் இப்போது வாசித்த இந்த ஆர்மோனியத்துக்குக் கமகம் வராது. கட்டைக்குக் கட்டை தாவும், நடுவில் வழுக்காது. இந்தக் குறையைக் காரணம் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971 வரைக்கும் தளர்த்தவில்லை. எனக்கு அந்தத் தடையில் உடன்பாடு இல்லை. ஆனால் சொன்ன குறை நிஜம். அதனால் மோகனத்தின் எலும்புக்கூட்டை மட்டும்தான் காட்டினேன், சதையும் ரத்தமும் வீணையிலோ வாய்ப்பாட்டிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

கச்சேரி வரிசைச் சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் கேட்கிற கச்சேரி அமைப்பைப் போன நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். முதலில் வர்ணம். அப்புறம் கீர்த்தனைகள், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற மூன்று அங்கம். பல்லவி வரி ஒன்றையே மெருகேற்றி மெருகேற்றித் திரும்பத் திரும்பப் பாடுகிறாரே, அவை சங்கதிகள்; முன்பே பாடம் செய்தவை. சொல்லே இல்லாமல் ராகத்தை விரித்தால் ஆலாபனை. ஒரே வரியின் சொற்களைத் தாளத்துக்குள் அந்தந்த இடத்தில் வைத்தபடியே மெட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் நிரவல். ஸ்வரப் பெயர்களையே பொழிந்து எடுப்பில் வந்து இறங்கினால் கல்பனா ஸ்வரம். சங்கதிக்கும் நிரவலுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டால் நீங்கள் பாதி ரசிகர். முன்னது இசையமைப்பாளரும் குருவும் தந்தது. பின்னது அந்த நிமிஷம் பிறப்பது, மனோதர்மம்.

பிரதான உருப்படி முடிந்ததும் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வரும். மிருதங்கக்காரர் நிமிர்வார், கேண்டீன் நிறையும். அங்கே காபி நன்றாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஒரு சின்னக் கணக்கு மட்டும் சொல்கிறேன், பிறகு போவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

‘ததிங்கிணதொம்’, ஐந்து மாத்திரை. முத்தாய்ப்பு எதையும் மூன்று தரம் சொல்வது மரபு. ஐந்து மூன்று பதினைந்து. ஆதி தாளத்தில் லகு முடிந்தால் மிச்சம் இருப்பது இரண்டு திருதம், 16 மாத்திரை. பதினைந்தைப் பதினாறுக்குள் எப்படி உட்கார வைப்பது? லகு முடிந்து தட்டு விழும்போது ஒரு மாத்திரை சும்மா இருங்கள். அதற்கப்புறம் ததிங்கிணதொம், ததிங்கிணதொம், ததிங்கிணதொம். அடுத்த தட்டு சமம். போட்டுப் பாருங்கள்... சிலருக்கு வந்துவிட்டது, முகத்தில் தெரிகிறது. இது குட்டித் தீர்மானம். இதையே பெரிதாகக் கோத்துக் கட்டினால் கோர்வை. தனியின் கடைசியில் மிருதங்கமும் கடமும் சேர்ந்து பெரிய கோர்வையை மூன்று தரம் வாசித்து, பாடகர் பாட்டை எடுக்கிற அந்த எடுப்பில் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

இந்த வாரம் கச்சேரிக்குப் போகிறவர்கள் ராகம் கண்டுபிடிக்க முயலாதீர்கள். சமம் எங்கே விழுகிறது, பாட்டு எங்கே எடுக்கிறது, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். ராகத்துக்கு மோகனம், ஹிந்தோளம், கல்யாணி, தோடி, சங்கராபரணம் ஆகிய ஐந்தை வீட்டில் ஒவ்வொரு மாதத்துக்கு ஒன்றாக, ஒரே ராகத்தில் பலர் பாடியதைக் கேளுங்கள். தோடிக்கு ஒரு மாதம் போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். கட்டை பற்றிய சந்தேகம் உள்ளவர்கள் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வாருங்கள்.