பூர்வகுடி மருத்துவ அமைப்பை ஊர்ப் பெரியவர்கள் நடத்துவது எப்படி?

[திரை: வரைபடம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே ஒரு கோடு நீள்கிறது.]

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அங்கிருந்து மேற்கே பாலைவனத்தில் 500 கிலோமீட்டருக்கும் மேல் போனால் கின்டோர், பின்டுபி மக்களின் ஊர். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலைந்து மணி நேரம் டயாலிசிஸ் வேண்டும். 2000 வாக்கில் அதற்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர்வதைத் தவிர வேறு வழி இல்லை. சடங்குகளையும் நிலத்தின் கதைகளையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய முதியவர்களே அப்படிப் போனார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் சிகிச்சையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு.

[திரை: ஏல மண்டபம்.]

2000 நவம்பரில் கின்டோர், அதற்கும் மேற்கே உள்ள கிவிர்குரா ஆகிய ஊர்களின் ஓவியர்கள் கூட்டாக வரைந்த பெரிய ஓவியங்கள் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலத்துக்கு வந்தன. 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004-ல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. அதை நடத்தும் அமைப்பைத்தான் இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்கிறார்கள். முதல் பணம் சமூகத்தின் சொந்தப் பணம். அதனால் ‘எங்கே, யாருக்கு’ என்ற முடிவும் அவர்கள் கையிலேயே இருந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள அவர்களுடைய இடத்தில், சிகிச்சைக்கு வருபவர்களுக்காக முற்றத்து நெருப்பில் கங்காரு வால் சுடுவார்கள். ஆஸ்பத்திரிக் கமிட்டி எதுவும் இப்படி ஒரு தீர்மானம் போட்டிருக்காது!

இந்த வழிக்கு முன்னோடி சிட்னியின் ரெட்ஃபெர்ன். 1971-ல் பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் முதல் மருத்துவ நிலையம் அங்கேதான் வந்தது.

[திரை: வட்டமாகப் போட்ட நாற்காலிகள்.]

சரி, நிர்வாகம் எப்படி நடக்கிறது? பூர்வகுடி மக்களே நடத்தும் இத்தகைய மருத்துவ அமைப்புகளில் பல, 2006-ஆம் ஆண்டின் பூர்வகுடி நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவானவை. உறுப்பினர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இயக்குநர்களில் பாதிக்கு மேல் பூர்வகுடியினராக இருக்கவேண்டும். பெரும்பான்மையோர் அந்த அமைப்பில் சம்பளம் வாங்குபவர்களாக இருக்கக்கூடாது.

இயக்குநர் குழு நியமிப்பது தலைமை நிர்வாகியை மட்டும். நர்ஸ், டிரைவர், கணக்கர் எல்லாரும் அவர் பொறுப்பு. முதல் சிக்கல் கிளம்புவதும் இங்கேதான். ஓர் இயக்குநர் நேராக டிரைவரைக் கூப்பிட்டு, “வண்டியை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோ” என்கிறார். பெரியவர் சொல்லை டிரைவரால் தட்ட முடியாது. டயாலிசிஸுக்கு வரவேண்டியவர் வாசலில் காத்திருக்கிறார். வண்டி யாருக்கு, எப்போது என்பதைக் குழு முன்கூட்டியே எழுத்தில் வைத்துவிட்டால், “குழு முடிவு அப்படி, அண்ணே” என்று டிரைவர் தப்பிக்கலாம்.

ஊரில் டயாலிசிஸ் நாற்காலிகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம் என்றாலும் இதே கதைதான். யார் முதலில் ஊர் திரும்புவது என்ற விதியைப் பெரியவர்கள் வகுக்கவேண்டும். இன்னாருக்கு இன்று உடல் தாங்குமா என்பதை நர்ஸும் டாக்டரும் சொல்லவேண்டும். இரண்டையும் கலந்தால் குடும்பச் சண்டை கிளினிக்குக்குள் வந்துவிடும்.

சிறிய ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். ஆகவே ஒப்பந்தம் ஓர் இயக்குநரின் மகனுக்குப் போகிறதென்றால், அவர் அதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு வெளியே போகவேண்டும். அவர் சொன்னதையும் வெளியே போனதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் பிறகு நிரூபிக்க வழியில்லை.

[திரை: தண்ணீர்த் தொட்டி, வடிகட்டி.]

புதிய ஊர் ஒன்று “எங்களுக்கும் மெஷின் வேண்டும்” என்று கேட்டால், ‘சரி’ சொல்வதற்கு முன் குழு மூன்றைக் கேட்கவேண்டும். தண்ணீர் எப்படி? ஒரு அமர்வின் டயாலிசிஸ் திரவத்துக்கு மட்டும் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் போகும்; தாது மிகுந்த போர்வெல் நீர் வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும். மின்சாரம் நின்றால் மாற்று என்ன? நர்ஸ் தங்க வீடு உண்டா? மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வீடு இல்லாவிட்டால் நர்ஸ் இருக்கமாட்டார், மெஷின் பூட்டியே கிடக்கும்.

நிதியறிக்கையை முப்பது பக்கமாகக் கொடுத்துத் தலையாட்ட வைப்பது இன்னொரு தவறு. வரவு, செலவு, கையிருப்பு, அரசு மானியத்தில் செலவாகாமல் கிடப்பது: இந்த நாலும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் அதை வாய்விட்டுச் சொல்லட்டும்.

பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்னறிவிப்பு தேவை. நிதியாண்டு ஜூன் 30-ல் முடிந்தால், ஆண்டுக்கூட்டத்தை நவம்பர் 30-க்குள் நடத்தியாகவேண்டும். ஆனால் ஊரில் சாவு விழுந்துவிட்டால் துக்கம் முடியும்வரை யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், வரவும் கூடாது. கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் (quorum) இல்லாமல் நடத்திய கூட்டம் செல்லாது. எனவே தேதியை நவம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் செப்டம்பர், அக்டோபரிலேயே வையுங்கள். அதுவும் தவறிப்போகும் என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே பூர்வகுடி நிறுவனங்களின் பதிவாளரிடம் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.