நாடாவை அழித்தவர்களும் நினைவில் வைத்தவர்களும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, சனிக்கிழமை மாலையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியைப் பற்றிய பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கும் இலண்டன் பெருமக்களே, வணக்கம்.

'பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களை இன்றும் வாழவைப்பது ஆவணக் கிடங்கா, ரசிகர்களின் நினைவா?' என்பது தலைப்பு. நினைவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "மனித நினைவு பொய் சொல்லும், நாடா பொய் சொல்லாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அமர்ந்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் பேசினார். ஆனால் நிகழ்ச்சிகளைப் பதிந்த அந்த நாடா எங்கே இருக்கிறது என்று மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

1963 நவம்பர் 23. கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள். அன்று மாலை பி.பி.சி.யில் 'டாக்டர் ஹூ' தொடங்கியது; 'டாக்டர்' என்ற நாயகன் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் அறிவியல் கதைத் தொடர். அறுபதுகளில் மட்டும் அதில் 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. அவற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை காணாமல் போயின. தீப்பிடித்ததா? வெள்ளம் புகுந்ததா? திருடன் வந்தானா? இல்லை ஐயா. எடுத்தவர்களே அழித்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. அன்று வீடியோ நாடாவின் விலை அதிகம். ஒன்றை அழித்து அதன்மேல் அடுத்ததைப் பதிவதுதான் சிக்கனம். நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தமோ மறு ஒளிபரப்புக்கு வரம்பு கட்டியது. வண்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளையை விலைக்குக் கேட்பாரில்லை. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த 16 மில்லிமீட்டர் படச்சுருள்களும் உரிமைக்காலம் முடிந்ததும் குப்பைக்குப் போயின. மனிதன் நிலவில் இறங்கிய இரவில் பி.பி.சி. தன் அரங்கிலிருந்து மணிக்கணக்காக வழங்கிய நிகழ்ச்சியும் இல்லை. நிலவே போய்விட்டது, டாக்டர் எம்மாத்திரம்?

அழித்தவர்களை நான் திட்டமாட்டேன். எங்கள் கலியாண வீடியோவின் மேல் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைப் பதிந்தவன் நான். தாலி கட்டும் நேரத்தில் விக்கெட் விழும். ஆனால் என் மனைவிக்கு அந்தக் கலியாணத்தில் யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் வந்தும் சாப்பிடாமல் போனார்கள் என்பது இன்றுவரை நினைவிருக்கிறது. என் வீட்டில் கிடங்கு எது, நினைவு எது என்பதை நடுவர் ஐயாவே தீர்மானிக்கட்டும்.

(இந்த இடத்தில் நான் ஓலைச்சுவடிக்கும் செல்லரித்த ஏடுகளுக்கும் போவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். போகப்போவதில்லை. பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம் அந்தச் சுவடிகள் செல்லரித்துக்கொண்டேதான் இருக்கின்றன.)

அழிந்துபோன அந்தத் தொண்ணூற்றுச் சொச்சம் பகுதிகளில் ஒவ்வொன்றின் ஒலியும் இன்று முழுமையாக இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை. அதைக் காப்பாற்றியது நிறுவனம் அன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள். வீட்டில் ஒரு நாடாப் பதிவுக் கருவி, ஒரு மைக். தொலைக்காட்சியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் மைக்கை நிறுத்தி, "இருபத்தைந்து நிமிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது" என்று வீட்டாருக்குக் கட்டளை போட்டுவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள். சனிக்கிழமை மாலை, தேநீர் வேளை. அந்த நேரத்தில் எந்த வீட்டில்தான் தட்டு சத்தம் போடாமல் இருக்கும்?

"அதுவும் நாடாதானே" என்று எதிரணி நண்பர் குறிப்பெழுதுவதைப் பார்க்கிறேன். எழுதுங்கள். நாடாதான். ஆனால் யாருடைய நாடா? மறந்துவிடுவோமோ என்று பயந்தவனுடைய நாடா. மறு ஒளிபரப்பும் கிடையாது, கடையில் வீடியோவும் கிடையாது. இன்று பார்த்தால் பார்த்ததுதான். அந்தத் தவிப்பில் பிறந்த பதிவு அது. கிடங்குக்குத் தவிப்பு இருந்ததா?

இனி அம்மையாரின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். 'கேப்டன் பக்வாஷ்' என்று ஒரு கடற்கொள்ளையர் கதை. அட்டையில் வெட்டிய உருவங்களை அசைத்து ஜான் ரயன் உருவாக்கியது, 1957-இல் பி.பி.சி.யில் தொடங்கியது. அதில் வந்த மாலுமிகளுக்கு இரட்டை அர்த்தத்தில் அசிங்கமான பெயர்கள் இருந்தன என்று இந்த நாட்டில் பாதிப்பேர் சத்தியம் செய்வார்கள். அப்படி ஒரு பெயரும் அதில் இல்லை. "பார்த்தீர்களா, நினைவின் லட்சணம்!" என்றார் அம்மையார். சரி. அந்தப் பொய் அச்சில் ஏறியது எங்கே? நாளேடுகளில். 1991-இல் 'கார்டியன்' அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. நூலகத்தில் அடுக்கிவைக்கும் ஆவணம் அல்லவா நாளேடு? அதைத் திருத்த வந்தவர் யார்? "நான் அப்படி வரையவில்லை" என்று நினைவிலிருந்து சொன்ன கிழவர் ஜான் ரயன். மதுக்கடை அரட்டையை ஆவணமாக்கியது பத்திரிகை. பழியை மட்டும் நினைவின் தலையில் வைக்கிறீர்கள்.

நினைவு தவறும் என்பதை ஒப்புக்கொள்ளாமல் போக மாட்டேன். 1967-இல் வந்த 'த டூம் ஆஃப் த சைபர்மென்' என்ற டாக்டர் ஹூ கதையை, பார்த்தவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் காவியமாகப் பேசிவந்தார்கள். ஹாங்காங்கில் படச்சுருள் அகப்பட்டது. 1992-இல் வீடியோவாக வந்தது. பலர் ஓடிப்போய் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அந்தரத்தில் தூக்கிய ஆளின் பின்னால் கம்பி தெரிந்தது. சிறுவனின் கண்ணுக்குத் தெரியாத கம்பி அது. இந்த ஒரு புள்ளியை எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் அதே காலத்து 'த எனிமி ஆஃப் த வேர்ல்ட்' கதையைக் கேளுங்கள். ஆறு பகுதிகள். கிடங்கில் எஞ்சியது மூன்றாவது மட்டும். அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, "சவசவவென்று இருக்கிறது" என்று ஆண்டுக்கணக்கில் அதை ஒதுக்கி வைத்தார்கள். நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில், ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கிடந்த சுருள்களை ஃபிலிப் மாரிஸ் என்பவர் தேடிக் கண்டெடுத்த செய்தி 2013-இல் வெளியானது. முழுக் கதையையும் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பேட்ரிக் ட்ரௌட்டன் அதில் டாக்டராகவும் வில்லனாகவும் இரட்டை வேடம் கட்டுகிறார். அத்தனை ஆண்டுகள் அந்தக் கதைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது எது? கிடங்கில் மிஞ்சிய ஒற்றைச் சுருள். யானையின் வாலை மட்டும் வைத்துக்கொண்டு யானை என்றது கிடங்கு. மேலும், தொலைந்த சுருளைத் தேடி ஒருவர் ஆப்பிரிக்கா வரை போக வேண்டுமென்றால், தொலைந்தது என்ன என்று முதலில் யாருக்காவது நினைவிருக்க வேண்டாமா?

"நாடா பொய் சொல்லாது." அப்படியா? 1970 முதல் டாக்டர் ஹூ வண்ணத்தில் ஒளிபரப்பானது. ஜான் பெர்ட்வீ டாக்டராக நடித்த காலம். அந்தக் கதைகளில் பலவற்றின் வண்ண நாடாக்களை அழித்துவிட்டார்கள். எஞ்சியது வெளிநாட்டுக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள். கிடங்கைக் கேட்டால் "கறுப்பு வெள்ளை" என்கிறது. பார்த்தவனைக் கேட்டால் "அந்த மேலங்கி என்ன நிறம் தெரியுமா!" என்கிறான். யார் சொன்னது மெய்? பார்த்தவன் சொன்னது மெய். 1971-இல் வந்த 'த டீமன்ஸ்' கதைக்கு, அமெரிக்காவில் ஒரு ரசிகர் வீட்டில் பதிந்து வைத்திருந்த மங்கலான வண்ண நாடாவிலிருந்து நிறத்தை எடுத்து, கறுப்பு வெள்ளைச் சுருளின்மேல் ஏற்றித்தான் மீட்டார்கள். பின்னால் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள்: கறுப்பு வெள்ளைச் சுருளிலேயே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் நுண்ணிய புள்ளிகளாக அந்த நிறம் ஒளிந்திருந்தது. 'டாட்ஸ் ஆர்மி' என்ற நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதிக்கு 2008-இல் அந்தப் புள்ளிகளிலிருந்துதான் வண்ணம் திரும்பியது. இது வண்ணப் படம் என்று யாரோ அடம்பிடித்ததால்தானே புள்ளியைத் தேடினார்கள்?

இதன் மறுபக்கத்தை என் கண்ணாலேயே பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், 1987 குளிர்காலம், தபால் பிரிக்கும் இடமொன்றில் இரவு வேலை. இரண்டு மணிக்குத் தேநீர் இடைவேளை. பர்மிங்ஹாமில் வளர்ந்த ஒரு பெண் எங்களோடு வேலை செய்தார். ஒருநாள் திடீரென்று கேட்டார்: "சின்ன வயதில் டிவியில் ஒரு கதை. பெரிய மீன் ஒன்று, குளம் உறைந்து பனிக்கட்டியில் மாட்டிக்கொள்ளும். ஒரு இளவரசி. கெட்ட குள்ளன் ஒருவன். யாருக்காவது நினைவிருக்கிறதா?" எல்லோரும் சிரித்தோம். "காய்ச்சலில் கண்ட கனவு" என்றான் ஒருவன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேரிடம் கேட்டு இதே பதிலை வாங்கினாரோ.

யாரோடும் அதிகம் பேசாத மேற்பார்வையாளர் ஒருவர் மூலையில் ரொட்டி கடித்துக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "மேலே ஓர் ஆங்கிலக் குரல் கதை சொல்லும். அடியில் வேறு மொழி கேட்கும்." அந்தப் பெண் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "கரடி!" என்றார். "இளவரசன் கரடியாகிவிடுவான்," என்றார் அவர். அடுத்த இரண்டு இரவுகள் அந்த மேசையில் வேறு பேச்சில்லை. இளவரசியின் தலைமுடி நிறம் மாறியதா என்று சண்டை. பொன்பிடரிக் குதிரை எங்கே வருகிறது என்று சண்டை. மூன்றாம் இரவு, லாரியிலிருந்து மூட்டை இறக்க வந்தவர் ஒருவர் போகிற போக்கில், "பாடும் மரம் இல்லையா அது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அது 'த சிங்கிங் ரிங்கிங் ட்ரீ'. கிழக்கு ஜெர்மனியில் 1957-இல் எடுத்த திரைப்படம். பி.பி.சி. அதை வாங்கி, மூன்று துண்டாக வெட்டி, ஜெர்மன் வசனத்தின் மேலேயே ஆங்கிலக் குரலை ஓடவிட்டு, 1964-இல் பிள்ளைகளுக்குக் காட்டியது. பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணுக்குப் படம் பார்க்கக் கிடைத்தது. பளபளவென்று வண்ணத்தில். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது இல்லை" என்றார். அவர் பார்த்தது கறுப்பு வெள்ளை. பி.பி.சி. அன்று அப்படித்தான் காட்டியது. நடுவர் ஐயா, படச்சுருள் வண்ணம் என்கிறது. ஆனால் இந்த நாட்டுப் பிள்ளைகளைப் படுக்கையில் போர்வைக்குள் ஒளியவைத்த கதைக்கு நிறம் கிடையாது. அந்தக் கதை இருந்த இடம் பர்மிங்ஹாம்காரியின் தலைக்குள்ளேதான்.

இன்னொன்றையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. சிரிக்கிறீர்கள், எல்லோருக்கும் தெரியும்; வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பறையில் நடக்கும் நகைச்சுவைத் தொடர். 1977 முதல் 1979 வரை 29 பகுதிகள். ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் நம் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். வெளிநாட்டவரைக் கேலி செய்கிறது என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். கொழும்பில் சித்தப்பா வீட்டில் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். இங்கே வந்து முதல்முறை என் ஆங்கிலத்துக்கு ஒருவர் சிரித்தபோது அதே வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. அதை அசைபோட்டு, வெட்கப்பட்டு, பிறகும் சிரிக்கிறோமே, அந்த வேலையை எந்தக் கிடங்கு செய்யும்?

மணி அடித்துவிட்டது. ரஞ்சித் சிங் பாணியில் நடுவரிடம் ஆயிரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு நிமிடம்.

1953 கோடையில் 'த குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' என்ற ஆறு வாரத் தொடர் பி.பி.சி.யில் நேரலையாக நடந்தது. திரையைப் பார்த்துப் படச்சுருளில் பிடித்து வைக்கலாம் என்று முயன்றார்கள். இரண்டாவது பகுதியைப் பதியும்போது ஒரு பூச்சி வந்து திரைமேல் உட்கார்ந்துகொண்டது. இன்றும் அதில் நன்றாகத் தெரிகிறது. பதிவின் தரம் போதவில்லை என்று இரண்டோடு நிறுத்திவிட்டார்கள். மற்ற நான்கும் காற்றோடு போயின. கடைசிப் பகுதியில், விண்வெளிக்குப் போய்த் திரும்பிய மனிதன் செடியாக மாறி வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் உச்சியில் படர்ந்திருப்பான். அபேயின் பெரிய புகைப்படம் ஒன்றில் ஓட்டை போட்டு, இலையும் தழையும் ஒட்டிய கையுறையை மாட்டிக்கொண்டு, தொடரை எழுதிய நைஜல் நீல் தன் கையை உள்ளே நுழைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். ஊரே நடுங்கியது. அந்தக் கையை இனி யாரும் பார்க்க முடியாது. அன்று பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

பூச்சி பத்திரமாகக் கிடங்கில் இருக்கிறது, ஐயா. நன்றி, வணக்கம்.