சுவரே சாட்சி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

திருடுவதைக் காட்டிலும் கடினமான வேலை ஒன்று திருடனுக்கு உண்டு. திருட்டு நடந்த நேரத்தில் தான் வேறோர் இடத்தில் இருந்ததாக நிலைநாட்டுவதுதான் அது. 1960இல் ராபர்ட் டே இயக்கத்தில் வெளிவந்த 'டூ-வே ஸ்ட்ரெட்ச்' என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம் இந்தச் சிக்கலுக்குக் கண்ட விடை, எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. விடுதலை நெருங்கிவிட்ட மூன்று கைதிகள் சிறையிலிருந்து தப்பி, ஒரு சுல்தானின் வைரங்களைக் கொள்ளையடித்து, யாரும் அறியாமல் மீண்டும் சிறைக்குள்ளேயே புகுந்துகொள்ள வேண்டும். பிறகு முறைப்படி விடுதலை பெற்று, அரசாங்கமே திறந்துவிடும் வாசல் வழியாக வெளியே நடக்க வேண்டும். சிறைச்சுவரைவிட நம்பத்தகுந்த சாட்சி வேறு எது?

படத்தின் தலைப்பே ஒரு சிலேடை. நாம் 'கம்பி எண்ணுவது' என்று சொல்வதைப் போல, ஆங்கிலக் கொச்சையில் 'ஸ்ட்ரெட்ச்' என்றால் சிறைத் தண்டனைக் காலம். 'டூ-வே ஸ்ட்ரெட்ச்' என்பதோ அக்காலத்துப் பெண்களின் இடைக்கச்சைக்குப் பயன்பட்ட, இருபுறமும் இழுபடும் துணியின் பெயர். பெயர்களிலும் இதே விளையாட்டு தொடர்கிறது. பீட்டர் செல்லர்ஸ் ஏற்ற 'டாட்ஜர்' லேன், பெயருக்கேற்ப எதிலும் நழுவுகிறவன். டேவிட் லாட்ஜின் 'ஜெல்லி' நைட், ஜெலிக்னைட் வெடிமருந்தால் இரும்புப் பெட்டகங்களைத் திறப்பவன். பெர்னார்ட் கிரிப்பின்ஸின் லென்னி ஒரு முடிச்சவிழ்க்கி. திட்டத்தைக் கொண்டுவரும் 'சோப்பி' ஸ்டீவன்ஸ், பாதிரியார் வேடத்தில் கைதிகளின் மறுவாழ்வுக்கு உதவ வந்தவராகச் சிறைக்குள் நுழைகிறார். வில்ஃபிரிட் ஹைட்-ஒயிட்டின் அந்தப் பட்டுக் குரலைக் கேட்டால் நாமும் காணிக்கை போட்டிருப்போம்.

படத்தின் முற்பகுதியில் சிறை ஒரு சுகவாசத் தலம். பழைய தலைமைக் காவலர் கண்டும் காணாமலும் காலத்தைத் தள்ளிவிட்டு ஓய்வுபெறக் காத்திருக்கிறார்; மாரிஸ் டெனம் நடித்த சிறை ஆளுநருக்கோ கைதிகளைவிடத் தம் தோட்டத்தின் மீதே கவனம். இப்படிப்பட்ட இடத்திலிருந்து வெளியேறித் திரும்புவது பெரிய காரியமன்று. அந்த நிலையில்தான் புதிய தலைமைக் காவலராகக் குரௌட் வந்து சேர்கிறார்.

படத்தின் சுவரொட்டியில் முதலிடம் செல்லர்ஸுக்குத்தான். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துபவர், குரௌட்டாக வரும் லயனல் ஜெஃப்ரீஸ் என்பதே என் துணிபு. செல்லர்ஸுக்கு இது குறைவன்று. முந்தைய ஆண்டில் 'ஐ'ம் ஆல் ரைட் ஜாக்' படத்தில் தொழிற்சங்கத் தலைவராக வெளுத்து வாங்கியவர், இங்கே தாம் அடங்கி, சிரிப்பை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கிறார். ஜெஃப்ரீஸோ முறுக்கேறிய கழுத்தும் பிதுங்கும் கண்களும் தொண்டை கிழியும் கத்தலுமாக வருகிறார். கவனித்துப் பாருங்கள்: அந்தச் சிறையில் தம் வேலையை ஒழுங்காகச் செய்பவர் இவர் ஒருவரே. கைதிகள் ஏதோ சதி செய்கிறார்கள் என்று அவர் சந்தேகிப்பது நூற்றுக்கு நூறு சரி. அப்படியிருந்தும் நாம் அவரைப் பார்த்தே சிரிக்கிறோம்; ஏனெனில், தாம் ஒரு நகைச்சுவைப் படத்துக்குள் இருக்கிறோம் என்பதை அறியாத ஒரே மனிதரும் அவர்தான்.

அக்காலத்துப் பிரிட்டிஷ் பார்வையாளர்கள் அவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். கட்டாய ராணுவச் சேவை அந்நாட்டில் அப்போதும் நடைமுறையில் இருந்தது. அதற்கான புதிய அழைப்புகள் நின்றதே 1960இன் இறுதியில்தான். அணிவகுப்புத் திடலில் காது கிழியத் திட்டு வாங்கிய இளைஞர்கள், அதே குரல் திரையில் மூன்று திருடர்களிடம் தோற்றுப்போவதைக் கண்டபோது, பழைய கணக்கு ஒன்று தீர்ந்ததைப் போல் மகிழ்ந்திருக்க மாட்டார்களா? சிறைக் காட்சிகள் படமாக்கப்பட்டதும் ஆல்டர்ஷாட் என்னும் ராணுவ நகரத்தின் பழைய குதிரைப்படைக் குடியிருப்பில்தான்.

பெண் பாத்திரங்களுக்குப் படம் போதிய இடம் தரவில்லை என்பது என் குறை. லென்னியின் தாயாக வரும் ஐரீன் ஹேண்டல், டாட்ஜரின் காதலியாக வரும் லிஸ் ஃபிரேசர் இருவரும் முந்தைய ஆண்டின் அந்தத் தொழிற்சங்கப் படத்தில் செல்லர்ஸுக்கு மனைவியாகவும் மகளாகவும் நடித்தவர்கள். மகன் குற்றவாளியாக இருப்பதைக் குலத்தொழிலாகவே கருதும் அந்தத் தாயை இன்னும் சில காட்சிகளில் கண்டிருக்கலாம்.

திருடியவன் அனுபவிக்கக் கூடாது என்பது அக்காலத் திரைப்படங்களின் எழுதப்படாத விதி. 1951இல் வந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' படமும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டே கடைசி நொடியில் கைவிலங்கைக் காட்டியது. இந்தப் படத்தின் வைரங்களும் திருடியவர்கள் கையில் நிலைப்பதில்லை. எப்படி நழுவுகின்றன என்பதை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு செய்தி. குரௌட்டாக அலறிய ஜெஃப்ரீஸ், பத்தாண்டுகள் கழித்து 1970இல் 'தி ரயில்வே சில்ட்ரன்' என்னும் மென்மையான குழந்தைகள் படத்தை இயக்கினார். அதில் நேர்மையும் தன்மானமும் மிக்க ரயில் நிலையச் சுமைதூக்குநர் வேடத்தைக் கிரிப்பின்ஸுக்கு, அதாவது நம் பழைய முடிச்சவிழ்க்கிக்குக் கொடுத்தார்.