நாள்பட்ட நோயில் நகம் நிறம் மாறுவது ஏன்?

[காட்சி: நாற்றுப் பறிக்கும் ஒரு பெண்ணின் கைகள், மிக அருகில்]

வணக்கம். குறுவை நடவு நடக்கும் நாட்களில் மன்னார்குடிப் பக்கம் வயலில் இறங்கும் பெண்களின் நகங்களில் சேற்றுக் கறை ஏறியிருக்கும். நாளெல்லாம் தண்ணீரில் ஊறுவதால் சிலருக்கு நகச்சுற்று வந்து நகக்கண் வீங்கியிருக்கும். ஆகவே நகம் நிறம் மாறினால் எங்கள் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் பெரியம்மாவின் நகங்களைப் பார்த்தபோதும் வயல் கறை என்றுதான் நினைத்தோம்.

பத்து விரல்களிலும் நகத்தின் அடிப்பாதி சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது. நுனிப்பாதி செம்பழுப்பாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை தெரிந்தது. எலுமிச்சம்பழத் தோலால் எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. போகாது, ஏனென்றால் அந்த நிறம் நகத்தின் மேல் படிந்ததன்று. ஒளி ஊடுருவும் நகத்தட்டுக்கு அடியில் இருக்கும் சதையில், அதாவது நகப்படுகையில், ஏற்பட்ட மாற்றம். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில், இந்தப் பாதிக்குப் பாதி நகத்தை மருத்துவர்கள் காண்கிறார்கள். பழுப்புப் பட்டை அகலமாக இருந்தால் சிறுநீரகம் அதிகம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. அதை ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வயல்வேலையால் வரும் கேட்டையும் நோயால் வரும் மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வேலையால் வருவது பெரும்பாலும் அதிகம் உழைக்கும் ஓரிரு விரல்களோடு நின்றுவிடும். உடம்புக்குள் இருக்கும் நோய் பெரும்பாலும் இரு கைகளிலும் பல விரல்களில் ஒரே மாதிரியாகத் தெரியும்.

[காட்சி: குறுக்கே பள்ளம் விழுந்த ஒரு கட்டைவிரல் நகம்]

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளர்கிறது, அடியிலிருந்து நுனிவரை வர சுமார் 6 மாதம் ஆகும். கடும் காய்ச்சலோ பெரிய நோயோ வந்தால் நக வளர்ச்சி சில நாள் தடைபட்டு, அந்த இடத்தில் குறுக்கே ஒரு பள்ளம் விழுகிறது. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் போ 1846இல் விவரித்த இந்தப் பள்ளம் நகத்தோடு சேர்ந்து நகரும். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கும் நேரத்தில் படுக்கையில் கிடந்தவருக்கு, குறுவை அறுவடைக்குள் அது நகக்கண்ணை விட்டு ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி வந்திருக்கும்.

நகராத கோடுகளும் உண்டு. சிறுநீரில் புரதம் ஒழுகி ரத்தத்தில் அல்புமின் மிகக் குறைந்துவிட்டவர்களுக்கு, நகத்தின் குறுக்கே இணை இணையாக வெள்ளைக் கோடுகள் தோன்றலாம். 1956இல் மர்க்கி என்ற மருத்துவர் இவற்றை விவரித்தார். இவையும் நகப்படுகையில் இருப்பவைதான்; ஆகவே நகம் வளர்ந்தாலும் இடம்பெயராது, அழுத்தினால் மறையும், அல்புமின் சரியானால் போய்விடும்.

கல்லீரல் சுருங்கியவர்களுக்கு நகம் முழுவதும் வெளுத்து, நுனியில் மட்டும் மெல்லிய சிவப்புக் கீற்று மிஞ்சலாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தச்சோகையில் நகம் கரண்டிபோல் குழியும். நுரையீரல் நோயிலும் சில இதய நோய்களிலும் விரல் நுனி உருண்டு பருக்கும். இரு கை மோதிரவிரல் நகங்களை முதுகோடு முதுகாக ஒட்டிப் பார்த்தால், நடுவே தெரிய வேண்டிய சிறிய வைர வடிவ இடைவெளி அவர்களுக்குத் தெரியாது.

ஒரு வேண்டுகோளை அழுத்தமாகச் சொல்கிறேன். மருதாணி நகத்தில் ஏறினால் வளர்ந்து வெட்டி முடியும்வரை, அதாவது பல மாதம், அடியில் இருக்கும் நிறத்தை மறைத்துவிடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கைக்கு ஒரு விரல் நகத்தையாவது விட்டுவிட்டு இடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் அந்த விரலைக் காட்டி, சிறுநீரகப் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பெரியம்மா இப்போது வாரம் இருமுறை டயாலிசிஸுக்குப் போகிறார். அவரது நகங்கள் அப்படியேதான் இருக்கின்றன. டயாலிசிஸால் இந்த நிறம் பெரும்பாலும் மாறுவதில்லை, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பின் மறைவதுண்டு. இந்த ஆடியில் பேத்தி மருதாணி அரைத்துக் கொண்டுவந்தபோது, இரு மோதிரவிரல்களையும் மடக்கிக்கொண்டு மற்றவற்றை மட்டும் நீட்டினார்.