டாப் ஸ்டேஷனில் ரயில் நின்ற காலம்

நேயர்களுக்கு வணக்கம். மூணாறுக்குச் சுற்றுலா போகிறவர்கள் டாப் ஸ்டேஷனையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். மேகம் விலகினால் கீழே தேனிப் பக்கத்து மலைச்சரிவு முழுக்கத் தெரியும். படம் எடுத்துக்கொள்வார்கள், டீ குடிப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அங்கே நிஜமாகவே ரயில் வந்து நின்றது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலை வெளியுலகுக்குப் போனது நம் போடிநாயக்கனூர் வழியாகத்தான். அதற்காக 1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஆமாம், ஒரே ஒரு தண்டவாளம்! வண்டியின் சின்னச் சக்கரங்கள் அந்தத் தண்டவாளத்தில் ஓடும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டபடியே வண்டி சாயாமல் தாங்கிக்கொள்ளும். இழுத்தவை மாடுகள்! 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குறுகிய ரயில் பாதை அமைத்தார்கள். அப்புறம் நீராவி எஞ்சின் வந்தது.

டாப் ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கு மேல் செங்குத்தான சரிவு. தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில் தொங்கவிட்டு, சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறக்குவார்கள். அந்த இடத்துக்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டு வண்டியில் 15 கிலோமீட்டர் போனால் போடி. மூணாறில் ஏற்றிய பெட்டி இத்தனை கை மாறித்தான் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மலையேறும் வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றொரு சிற்றூர் இன்றும் இருக்கிறது.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்கள். மலை சரிந்து, பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. பாதை சிதைந்தது. அதை மறுபடி போடவே இல்லை.

மூணாறு நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமானது. சரி, அதுவாவது நிற்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஆனால் டாப் ஸ்டேஷனில் இந்தக் கதையைப் படத்தோடு சொல்லும் நல்ல பலகை ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. அந்த மலையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன எஸ்டேட் தொழிலாளர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துப் படமோ, எஸ்டேட் சீட்டோ கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.