மீன் தண்ணி குடிக்குமா? லஞ்சக் கேஸ்ல வர்ற ரோஸ் கலர் தண்ணி!

வணக்கம் மக்களே! கையில ஒரு டம்ளர், பாத்தா பச்சத்தண்ணிதான். விரலை விடுறேன்... ஆத்தி, ரோஸ் மில்க்! இந்தக் கலரைப் பாத்து வெலவெலத்துப் போன அரசு ஊழியர்கள் எத்தனையோ பேரு. மேட்டருக்கு வர்றேன், ஸ்கிப் பண்ணாதீங்க.

(காட்சி: மண்டபம் கடற்கரை, விசைப்படகுகள்)

அர்த்தசாஸ்திரத்துல கௌடில்யர் சொல்றாரு, தண்ணிக்குள்ள திரியிற மீன் எப்ப தண்ணி குடிக்குதுன்னு எவனாலயும் சொல்ல முடியாது, அரசாங்கப் பணத்துல கை வைக்கிற அதிகாரியும் அப்படித்தான்னு. அதை இங்க வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன். "குடிக்காமயா தம்பி வாயப் பொளந்துக்கிட்டு வலையில கெடக்கு?"ன்னாரு. சயின்ஸும் அவரு பக்கம்தான்! கடல் மீனோட உடம்புத் தண்ணிய உப்புத்தண்ணி உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அதனால அது குடிச்சுக்கிட்டே இருந்தாகணும், கம்மா மீன் அவ்வளவா குடிக்காது. ஆபீஸ்லயும் ரெண்டு வகையும் உண்டு. நேர்மையான சார்வாள் கோவிச்சுக்காதீங்க, நீங்க கம்மாக் கெண்டை.

வரலாறு வேகமா: 1964ல ஊழலைத் தடுக்க வழி சொன்ன சந்தானம் கமிட்டி பேச்சைக் கேட்டு மத்திய கண்காணிப்பு ஆணையம், அதே வருசம் நம்ம லஞ்ச ஒழிப்புத் துறை, 1973ல தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 2018ல ஊழல் புகாரை விசாரிக்கிற லோக் ஆயுக்தாவுக்கான சட்டம். போதும்.

இப்ப டம்ளர். பட்டா மாத்த பணம் கேக்குறாங்கன்னு ஒருத்தர் லஞ்ச ஒழிப்புத் துறையில புகார் கொடுத்தா, அவரு கொடுக்கப் போற நோட்டோட நம்பரையெல்லாம் எழுதிக்கிட்டு, வேற ஆபீஸ் அரசு ஊழியர்களை சாட்சிக்கு வச்சுக்கிட்டு, நோட்டு மேல பினாப்தலின் பொடியத் தடவுவாங்க, கண்ணுக்கே தெரியாது. அந்த அதிகாரி கேட்டா மட்டும்தான் கொடுக்கணும், நீங்களா திணிக்கக் கூடாது. வாங்குனதும் சிக்னல், டீம் உள்ள வந்து சோடியம் கார்பனேட், அதாங்க வாஷிங் சோடா, கலந்த தண்ணியில கையை முக்கச் சொல்லுவாங்க. காரத்தன்மையைக் காட்டுற pH அளவு 8.2 தாண்டுனாதான் இந்தப் பொடி ரோஸ் ஆகும். கடல் தண்ணி 8.1 பக்கம், மயிரிழையில தப்பிச்சிருச்சு! சட்டைப் பையையும் முக்குவாங்க, அந்தத் தண்ணி பாட்டில்ல சீல் வச்சு லேபுக்குப் போகும்.

ஆனா கை ரோஸ் ஆனா மட்டும் பத்தாது. பணம் கேட்டதையும் நிரூபிக்கணும். புகார் கொடுத்தவரு பல்டி அடிச்சாலோ செத்தே போனாலோகூட மத்த சாட்சியத்தை வச்சு நிரூபிக்கலாம்னு 2022 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, எனக்கு ரொம்பப் புடிச்ச தீர்ப்பு. வாங்குனவருக்கு 3ல இருந்து 7 வருசம் வரை ஜெயில், அது போக ஆபீஸ்ல 17-பி மெமோ, அதாங்க பெரிய தண்டனைக்கான துறை விசாரணை நோட்டீஸ், தனி.

கொடுக்கிற நாமளும் யோக்கியம் இல்ல, ஊழல் தடுப்புச் சட்டத்துல 2018ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் கொடுக்கிறதும் குத்தம். வேற வழியில்லாம கொடுத்துட்டீங்களா, 7 நாளைக்குள்ள லஞ்ச ஒழிப்புத் துறைகிட்ட சொல்லிருங்க.

கெளம்பும்போது அந்த அண்ணன் டம்ளரைப் பாத்து, "இதைக் குடிச்சா என்னாகும்?"னாரு. ஐயோ குடிக்காதீங்கண்ணே, ஒரு காலத்துல இந்தப் பினாப்தலினைத்தான் பேதி மாத்திரையா வித்துக்கிட்டிருந்தாங்க. அவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு, "அப்ப அது தொட்டவனுக்கும் வயித்தக் கலக்கும், குடிச்சவனுக்கும் வயித்தக் கலக்கும்!"